நடு சீட்டு

ஒசாகா
19 ஏப்ரல் 2025

அண்ணனுக்குச் சௌந்திரம் எழுதுவது.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. திரையில் உங்கள் பெயர்தான். நான் எடுக்கப் போவதில்லை. போனில் உங்களோடு பேசி இதுவரை யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. நான் "அண்ணா" என்று ஆரம்பிப்பதற்குள் நீங்கள் கத்த ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்கு வாயடைத்துப் போகும். ஐம்பத்தைந்து வயது வரை இப்படியே ஓடிவிட்டது. காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டதாம். மாத்திரையில்தான் கரைய வேண்டும், அதுவரை விமானம் ஏறக் கூடாது. டாக்டர் இதைச் சொன்னபோது, சுற்றுலாவை முடித்துக்கொண்டு வந்த நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். தலையை ஆட்டினீர்கள். கையிலிருந்த சாக்லேட் பையைக் கட்டில்மேல் வைத்தீர்கள். மற்றவர்களோடு சேர்ந்து ஊருக்கு விமானம் ஏறிவிட்டீர்கள்.

இப்போது நான் தங்கியிருப்பது அறிவுமதி என்ற பெண்ணின் அறையில். ஆட்டையாம்பட்டிக்காரப் பெண். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எனக்காகத் தமிழ் தெரிந்த ஆளைத் தேடிய ஆஸ்பத்திரிக்காரர்கள் இவளைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். முன்பின் பார்த்திராத பெண். தன் மெத்தையை எனக்கு விரித்துக் கொடுத்துவிட்டு, அடுப்படி ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு தூங்குகிறாள்.

இனி விமானத்தில் நடந்தது. மறந்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக முழுதாக எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி முதலாளிகள் குடும்பத்தோடு ஜப்பான் சுற்றுலா போகிறோம், நீயும் வா என்றீர்கள். என் சம்பளத்தில் நானே டிக்கெட் எடுத்தேன். தீவன மில்லில் கெஞ்சி லீவு வாங்கினேன். போன வருடம் முட்டி ஆபரேஷன் செய்த டாக்டர், நீண்ட பயணம் என்றால் காலை நீட்ட வேண்டும், அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும் என்றார். அதனால் டிராவல்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லி நடைபாதை ஓரத்து சீட்டாக வாங்கினேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரு குறையும் இல்லை. அங்கே மாறி ஏறியபோது உங்கள் சம்பந்தி தங்கமுத்து எனக்குப் பக்கத்தில் நடு சீட்டுக்கு வந்தார். மைதிலியின் மாமனார் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்காரலாமா? நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. என் பையை நகர்த்திவிட்டுச் சொன்னீர்கள்.

"அம்மிணி, நீ நடுவால போயிரு. சம்பந்தி ஓரத்துல உக்காரட்டும். பாக்கறதுக்கு நல்லாருக்காது."

நகர்ந்துவிட்டேன். பின்னால் வரிசை நின்றது, எல்லோரும் நம் ஊர்க்காரர்கள், வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது.

இரண்டு பக்கக் கைப்பிடியிலும் ஆண்களின் முழங்கை. முன்சீட்டுக்காரர் சாய்ந்ததும் சீட்டின் முதுகு என் முட்டியில் வந்து இடித்தது. பகல் விமானம்தான், ஆனால் ஜன்னல் மூடிகளை இறக்கிவிட்டு எல்லோரும் தூங்கினார்கள். ஒருமுறை எழுந்து போய் வந்தேன். இரண்டாவது முறை எழுந்தபோது சம்பந்தி சத்தமாகக் கேட்டார், "ஏம்மா, மறுபடியுமா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். அண்ணன் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொன்னீர்கள்.

"சும்மா உக்காரு அம்மிணி. பிளேன்ல வந்து நடந்துட்டே இருந்தா மத்தவங்க தூங்க வேண்டாமா?"

உட்கார்ந்தேன். மறுபடி எழுந்திருக்க வேண்டி வரக் கூடாது என்று பணிப்பெண் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. கால் முதலில் வலித்தது, பிறகு கனத்தது, பிறகு என் கால் மாதிரியே இல்லை. ஒசாகாவில் இறங்கி பாஸ்போர்ட் வரிசையில் நின்றபோது மூச்சு உள்ளே போகவில்லை. அங்கேயே விழுந்தேன்.

நான் விழுந்ததற்குக்கூட உங்கள் மேல் கோபமில்லை. ஆஸ்பத்திரி வரை வந்தவர், அங்கேயிருந்து கிளம்பிப் போய் சுற்றுலா பஸ்ஸில் ஏறினீர்களே, அதற்குத்தான். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. பின்னால் பூஜி மலை, முன்னால் நீங்களும் சம்பந்தியும் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு. மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு அதைப் பார்த்தேன்.

ஏன் பஸ்ஸில் ஏறினீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

சௌந்திரம்


திருச்செங்கோடு
28 ஏப்ரல் 2025

சௌந்திரம்,

உன் கடுதாசியை ரிக் ஷெட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்து வெல்டரைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன். ராமாயி சாப்பிடக் கூப்பிட்டாள், அவளையும் திட்டினேன். என்ன ஏதென்று தெரியாமல் மூன்று பேரும் முழிக்கிறார்கள்.

ஏன் பஸ்ஸில் ஏறினேன் என்று கேட்கிறாய். இருபது பேர் என் பேச்சை நம்பிக் கிளம்பி வந்தவர்கள். வயசானவர்கள், சர்க்கரைக்காரர்கள். சாப்பாட்டுக்கு ஒரு சண்டை, ரூமுக்கு ஒரு சண்டை. நான் இல்லாவிட்டால் நடுவழியில் அடித்துக்கொள்வார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், மிஷின் இருந்தது. நான் அங்கே நின்று என்ன கிழிக்கப் போகிறேன்? அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது. ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். நம் அப்பா சேலத்தில் படுத்துக் கிடந்தபோதே நான் உள்ளே போனதில்லை. கடைசியில் உன் கட்டில்வரை வந்ததே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான்.

சம்பந்திக்கு சீட்டு கொடுத்ததைப் பெரிய கொலைக்குற்றம் மாதிரி எழுதியிருக்கிறாய். நீ பெண்ணைப் பெற்றவள் இல்லை. கட்டிக் கொடுத்த இடத்தில் மைதிலிக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று நான் எத்தனை இடத்தில் குனிகிறேன் என்று உனக்குத் தெரியாது. உன்னை சீட்டை விட்டு எழுப்பினால் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய், நம்ம பிள்ளை என்று நினைத்தேன். கட்டி வரும் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல்.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் யார் என்று கேட்டதற்கு "எனக்கு யாருமில்லை" என்று சொன்னாயாம். அந்தப் பெண் ஜப்பான் பாஷையில் சொல்ல, அவர்கள் எழுதிக்கொள்ள, டூர் நடத்துகிறவன் காதுக்கு வந்து, அவன் பஸ்ஸில் மைக்கைப் பிடிக்காத குறையாகச் சொன்னான். இன்றைக்கு டீக்கடையில் ஒருத்தன் கேட்கிறான், "ஏனுங்க, உங்க தங்கச்சி யாருமில்லைன்னு சொல்லீருச்சாமா?" என்று. நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

உன் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போன பிறகு உன்னைக் கூட்டி வந்து, என் காம்பவுண்டுக்குள்ளேயே வீடு கட்டி வைத்தது யார்? ஒரு ராத்திரி உன்னைத் தனியாக விட்டிருப்பேனா? ஒரு பண்டிகை உனக்குச் சேலை இல்லாமல் போயிருக்கிறதா? யாருமில்லையாம். படிக்கும்போதே நெஞ்சு எரிகிறது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

நாச்சிமுத்து


ஒசாகா
5 மே 2025

அண்ணனுக்கு,

"யாருமில்லை" என்று சொன்னது உண்மை. எப்போது சொன்னேன் என்பதையும் கேளுங்கள்.

கண் விழித்தபோது முகமூடி போட்ட ஒரு நர்ஸ் குனிந்து குனிந்து ஏதோ கேட்டாள். ஒரு அட்டையைக் காட்டினாள், அதில் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக வரைந்திருந்தது. எந்த முகம் உன் வலி என்று தொட்டுக் காட்ட வேண்டுமாம். கடைசி முகத்தைத் தொட்டேன். அப்போது இந்த அறிவுமதி வேலைக்குப் போட்ட உடுப்போடு மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ஏனுங்கக்கா, கூட வந்தவங்க எங்கீங்க? கையெழுத்து வேணும்ங்கறாங்க" என்றாள். தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கண்ணன் வெளியில உக்காந்திருப்பாரு, கூப்புடு கண்ணு" என்றேன்.

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யாருமில்லை. கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யாருமில்லை. டூர் ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டாள். பஸ் கிளம்பிவிட்டது, அண்ணன் பஸ்ஸில் இருக்கிறார் என்றான். நர்ஸ் மறுபடி கேட்டாள். அறிவுமதி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன், "யாருமில்லைன்னு எழுதிக்கச் சொல்லு."

அவள் பார்த்து வந்து சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசனை ஆகாதென்றால் வாசலில் உட்கார்ந்திருக்கலாம். வாசலில் வாசனை கிடையாது. எதிரே ஒரு பெஞ்சு கிடக்கிறது, பூ பூத்த மரமும் இருக்கிறது. பூவைப் பார்க்கத்தானே எல்லோரும் ஜப்பான் வந்தோம்? இருபது பேரையும் பார்த்துக்கொள்ளக் கொடி பிடித்துக்கொண்டு ஒரு ஆள் சம்பளத்துக்கு இருந்தான். எனக்குத்தான் யாரும் இல்லை.

பெண்ணைப் பெற்றவள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பலமுறை படித்தேன். ராமாயி நங்கை நோயாகக் கிடந்த வருடம் மைதிலிக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விட்டது யார்? அதே மைதிலி கல்யாணத்தில் நான் எங்கே நின்றேன்? நீங்கள்தான் சொன்னீர்கள், "அம்மிணி, முன்னால வர வேண்டாம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பழைய ஆளுங்க. புருசன் இல்லாதவங்கன்னு எதாவது சொல்லீருவாங்க." தாலி கட்டிய நேரத்தில் நான் ஸ்டோர் ரூமில் வெற்றிலைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். மேளச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கும் சம்பந்திக்காகத்தான். நம்ம பிள்ளை கோபித்துக்கொள்ளாது என்று அன்றைக்கும் நினைத்திருப்பீர்கள்.

கோபித்துக்கொண்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீடு கட்டி வைத்தது நீங்கள்தான், மறுக்கவில்லை. அந்த வீட்டுக்கு ஒரே வழி உங்கள் வாசல் வழி. நான் போவதும் வருவதும் நீங்கள் பார்க்க. என் மில் வண்டி ஹாரன் அடித்தால்கூட "ஏன் இன்னிக்கு லேட்டு?" என்று உங்கள் குரல் கேட்கும். அது பாசம்தான் என்று இத்தனை வருடம் நினைத்தேன். இங்கே ஆற்றங்கரையில் தினமும் காலை நடக்கிறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். எங்கே போகிறாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. முதல் நாள் அழுதேன். இப்போது பழகிவிட்டது.

ஊருக்கு வந்ததும் நாமக்கல்லில் மில்லுக்குப் பக்கத்தில் தனியாக வீடு பார்க்கப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன்.

சௌந்திரம்


திருச்செங்கோடு
13 மே 2025

சௌந்திரம்,

தனி வீடா? நன்றாக இருக்கிறது. அண்ணன் துரத்திவிட்டான் என்று ஊர் பேச வேண்டும், அதைக் கேட்டு நீ சந்தோஷப்பட வேண்டும். அவ்வளவு ஆங்காரமா உனக்கு?

கல்யாணத்து விஷயத்தை இப்போது எடுத்து வந்து வைக்கிறாய். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதுதானே? வாய் இல்லையா? வருடக்கணக்கில் மனசுக்குள் மூடி வைத்துவிட்டு இப்போது கூரியரில் அனுப்புகிறாய்.

நான் எழுத்தில் உன்னோடு சண்டை போட முடியாது. நீ மில்லில் ரிப்போர்ட் எழுதுகிறவள், எனக்கு வாய்தான். டிக்கெட் போட்டுக்கொண்டு நானே வருகிறேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதன் பிறகு எந்த ஊட்டில் இருப்பது என்று பேசிக்கொள்ளலாம்.

மில்லிலிருந்து ஆள் வந்து உன்னைப் பற்றிக் கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாச்சிமுத்து


ஒசாகா
20 மே 2025

அண்ணனுக்கு,

வராதீர்கள்.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். கேட்க ஆரம்பித்திருக்கிறேன், இப்போது கேளுங்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போக நான் சந்தையில் வாங்கிய கன்றுக்குட்டி இல்லை. வரவேண்டிய நாள் ஒன்று இருந்தது. அன்றைக்கு நீங்கள் பஸ்ஸில் இருந்தீர்கள்.

போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பெரும்பாலும் கரைந்துவிட்டது. காலுக்கு இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு, அடிக்கடி எழுந்து நடந்தால் விமானத்தில் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கேயே இருக்க வாங்கிய கூடுதல் அனுமதியும் முடியப் போகிறது. டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்வேன். எந்த நாள், எந்த விமானம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பெங்களூர் ஏர்போர்ட்டில் யாரும் வந்து நிற்க வேண்டாம், மாலையும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம்.

வழியில் உட்கார்ந்திருக்கிறவரை எழுப்ப இங்கே ஒரு சொல் இருக்கிறது, சுமிமாசென். "கொஞ்சம் வழி விடுங்க" என்று அர்த்தமாம், மன்னிக்கவும் என்றும் அர்த்தமாம். அறிவுமதி சொல்லிக் கொடுத்தாள். "மெதுவாச் சொன்னா கேக்காதுங்கக்கா, சத்தமாச் சொல்லுங்க" என்கிறாள். ரயிலில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெட்டியே வழிவிட்டது.

மில்லுக்கு நானே பேசிவிட்டேன்.

சௌந்திரம்


ஒசாகா
29 மே 2025

சௌந்திரம்,

மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார். ஒசாகா. வந்துவிட்டேன். நீ இல்லை.

அந்தப் பெண் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து யாரென்று தெரியாமல் நின்றாள். நான் பெயரைச் சொன்னேன். "ஐயோ, என்னங்க இது! அக்கா நேத்துத்தானுங்களே கெளம்பி ஊருக்குப் போனாங்க!" என்றாள். எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ, அந்த வாசலிலேயே கத்தினேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்தப் பெண், "மெதுவாப் பேசுங்கண்ணா, இங்க கத்தக் கூடாதுங்க" என்று என்னை உள்ளே கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். நீயும் நானும் ஆகாயத்தில் எங்கேயோ எதிரும் புதிருமாகப் போயிருக்கிறோம். சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. ராய்ப்பூர் கேம்ப்பில் ரிக் ரிப்பேர், போய் வருகிறேன் என்று ராமாயியிடம் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னால் அவள் உனக்குச் சொல்வாள், நீ வராதே என்பாய். நீ வராதே என்று எழுதியதையும் படித்துவிட்டுத்தான் வந்தேன். திரும்புகிற டிக்கெட்டை மாற்ற முடியாதாம். அடுத்த வாரம் வரை இங்கேதான் கிடக்க வேண்டும். கூரியரில் அனுப்பினால் அதற்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன் என்பதால் இந்தப் பெண் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். எழுத வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

வரும்போது எனக்கு ஓரத்து சீட்டுதான் கிடைத்தது. என் சர்க்கரைக்கு நான் எழுந்து எழுந்து பாத்ரூம் போனேன். கால் மரத்தது, நடந்தேன். கழிப்பறைப் பக்கம் நின்றுகொண்டு பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். மறுபடி நடந்தேன். ஒரு ஆளும் என்னைப் பார்த்து "மறுபடியுமா?" என்று கேட்கவில்லை. ஒருத்தனும் சிரிக்கவில்லை. "சும்மா உக்காரு" என்று சொல்ல எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பின்பக்கத்தில் திரைச்சீலை ஓரமாக நின்றபோது, என் வாழ்க்கையில் என்னை யார் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் என்று யோசித்தேன். ஒருத்தர் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இன்றைக்கு இந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கு என்று கேட்டாள். தெரியவில்லை, கூட்டிப் போ என்றேன். உள்ளே போனதும் அந்த வாசனை வந்தது. அப்பா ஞாபகம் வந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. நீ படுத்திருந்த வார்டுக்கு வெளியே சுவரோரமாக வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறது. அதில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, அவளைப் போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். ஒரு நர்ஸ் வந்து குனிந்து ஏதோ கேட்டாள். யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டிருப்பாள். என்ன சொல்வது? தலையை ஆட்டினேன். அவள் போய் ஒரு கப்பில் டீ கொண்டு வந்து கொடுத்தாள். சர்க்கரை இல்லாத பச்சை டீ, கசப்பு. குடித்தேன். சாயங்காலம் விளக்குப் போடும்வரை இருந்தேன்.

இத்தனை நாள் தாமதமாக உட்கார்ந்து பிரயோஜனமில்லை. தெரியும். அதற்காகவும் என்னைத் திட்டு.

ஆனால் வீட்டை விட்டுப் போகிறேன் என்பதை மட்டும் யோசி.

நாச்சிமுத்து


திருச்செங்கோடு
1 ஜூன் 2025

அண்ணனுக்கு,

வராதீர்கள் என்று ஒரே வார்த்தை எழுதினேன். அதைக்கூடக் கேட்கவில்லை. அறுபத்தொரு வயதில், சர்க்கரையோடு, யாருக்கும் சொல்லாமல் அவ்வளவு தூரம் கிளம்பிப் போயிருக்கிறீர்கள். விமானத்தில் ஏதாவது ஆகியிருந்தால் ராய்ப்பூரில் தேடுவதா, ஒசாகாவில் தேடுவதா? நான் இங்கே வந்து இறங்கியபோது நங்கை அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தார். ராய்ப்பூர் கேம்ப் ஆட்கள், முதலாளி இந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். உங்கள் மகன் யோகேஷ் போலீசுக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றான். உங்கள் கடிதப் படம் என் போனுக்கு வந்த பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நங்கைக்கு என்ன சொல்வீர்களோ, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நேற்று என்னைப் பார்க்கச் சம்பந்தி வந்தார், மைதிலியும் வந்தாள். தட்டில் பழம், பிஸ்கட், எல்லாம் முறைப்படி. "ஒடம்பு தேவலையா அம்மிணி?" என்றார். வழக்கம்போல "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேன். போகவில்லை. எதிரே உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, பிளேன்ல நான் எந்திரிச்சப்ப மறுபடியுமான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்றேன்.

நங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் பழத்தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார், "தூக்கக் கலக்கத்துல கேட்டிருப்பேன். தப்புத்தான். ஆனா அந்த சீட்டு காலுக்காகக் கேட்டு வாங்குனதுன்னு எனக்கு ஆரு சொன்னாங்க? நான் நடுவாலயே உக்காந்துக்கறேன்னுதான் சொன்னேன். உங்கண்ணன்தான், தங்கச்சிக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்கன்னு சொல்லிக் கையைப் புடிச்சு உக்கார வெச்சாரு. காலு ஆபரேசன் பண்ணுன புள்ளைன்னு தெரிஞ்சிருந்தா நான் உக்காந்திருப்பனா?"

கேட்டீர்களா? அவர் கேட்கவே இல்லை. யாரும் கேட்காத மரியாதைக்கு என் காலைக் கொடுத்திருக்கிறீர்கள். கல்யாணத்தன்று நான் முன்னால் வரக் கூடாது என்றாவது அவர்கள் சொன்னார்களா, அதுவும் நீங்களாக நினைத்துக்கொண்டதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அதற்குப் பதிலை உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

மைதிலி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகவா அப்பா அப்பிடிப் பண்ணுனாரு? நான் எப்பங்க அத்தை கேட்டேன்?" என்றாள். உங்கள் மேல் அவளுக்கும் கோபம். மாமனார் எதிரிலேயே சொன்னாள். அவளை அங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் படித்தேன். எத்தனை முறை படித்தேன் என்று எழுத மாட்டேன். அறிவுமதி போன் செய்தாள். வேலை முடிந்து அவள் வந்து கூப்பிடும்வரை எழுந்திருக்கவே இல்லையாமே. "அக்கா, பாவமா இருக்குதுங்க, கூப்புட்டுப் பேசுங்க" என்றாள். பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காகக் கோபம் போய்விடுமா? இரண்டும் இருக்கிறது. நீங்கள் நல்லவராக இல்லாமலிருந்தால் எனக்கு இவ்வளவு கோபமே வந்திருக்காது.

யோசி என்றீர்கள். யோசித்தேன். நாமக்கல்லில் மோகனூர் ரோட்டுப் பக்கம் வீடு பார்த்துவிட்டேன். மாடியில் இரண்டு அறை. கட்டிலும் பாத்திரமும் இன்றைக்கு யோகேஷ்தான் வேனில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவனைத் திட்டாதீர்கள், நான் கேட்டுத்தான் செய்கிறான். உங்கள் காம்பவுண்டு வீட்டுச் சாவியை நங்கையிடம் கொடுத்துவிட்டேன். துரத்திவிட்டீர்களா என்று யாராவது கேட்டால், நானாகத்தான் போனேன் என்று எல்லோருக்கும் சொல்வேன். அந்தப் பழி உங்களுக்கு வராது.

இதையும் படம் பிடித்து அறிவுமதி போனுக்கு அனுப்புகிறேன். அங்கே இருக்கும்வரை அவளுக்குத் தொந்தரவு கொடுக்காதீர்கள், அவள் சமைப்பதைக் குறை சொல்லாமல் சாப்பிடுங்கள். மாத்திரையைத் தவற விடாதீர்கள்.

ஊருக்கு வந்ததும் பெட்டியோடு நேராக என் வீட்டுக்கு வந்து நிற்க வேண்டாம். குளியுங்கள், தூங்குங்கள், நங்கையிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள், கூட யாரையும் அழைக்காமல், தனியாக வாருங்கள். படி கொஞ்சம் செங்குத்து, பிடித்து ஏறுங்கள். கதவைத் தட்டினால் திறப்பேன். திறந்துவிட்டுத்தான் திட்டுவேன்.

சௌந்திரம்